கை தெரியும், ஆள் தெரியாது

சிவகாசியிலிருந்து 1972 ஜனவரியில் ஒரு கை கிளம்பி தமிழ்நாட்டுப் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது. இரும்பால் ஆன வலது கை. அந்தரத்தில் மிதக்கும், பூட்டை உடைக்கும், எதிராளியின் துப்பாக்கியைப் பிடுங்கும். கைக்குப் பின்னால் ஆள் உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரிய மாட்டான். எம். சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் அது. பேரு ‘இரும்புக்கை மாயாவி’. இந்தக் கட்டுரை அந்தக் கையைப் பற்றியது. அதைவிட, அந்தக் கைக்குப் பின்னால் தெரியாமல் போன ஆளைப் பற்றியது.

மாயாவி பிறந்தது லண்டனில். 1962 அக்டோபரில் வெளிவந்த ‘வேலியண்ட்’ என்ற பையன்கள் வாரப் பத்திரிகையின் முதல் இதழிலேயே அவன் வந்துவிட்டான். முதலில் கதை எழுதியவர் கென் புல்மர், பிறகு டாம் டல்லி. படம் வரைந்தவர் பார்சிலோனாக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. லூயிஸ் கிராண்டேல் ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் எடுபிடி உதவியாள். விபத்தில் அவனுடைய வலது கை போகிறது. இரும்புக்கை மாட்டுகிறார்கள். இன்னொரு விபத்தில் உயரழுத்த மின்சாரம் உடம்பில் பாய்கிறது. உடம்பு மறைகிறது, இரும்புக்கை மட்டும் மறையவில்லை. முதல் கதையில் அவன் நல்லவனும் இல்லை. யாருக்கும் தெரியாத உடம்பு கிடைத்ததும் திருடுகிறான், மிரட்டுகிறான். பிறகுதான் திருந்தி ரகசியப் படை ஒன்றில் சேர்கிறான். கறுப்பு மை கூடின படங்கள், இருட்டுத் தெருக்கள், கம்பியிலிருந்து சீறும் மின்சாரம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பயமாகவும் இருக்கும், விடவும் மனசு வராது.

மேலைநாட்டில் இந்த மாதிரி எழுத்துக்கு இன்று புத்தகக் கடையில் தனி அலமாரியே உண்டு. அதில் ஒரு வகைக்கு ‘ஸ்டீம்பங்க்’ என்று பெயர். நீராவி எஞ்சின் காலத்தை எடுத்துக்கொண்டு, அந்த எஞ்சினே இன்னும் பூதாகரமாக வளர்ந்திருந்தால் உலகம் எப்படி ஆகியிருக்கும் என்று கற்பனை செய்வது. கொதிகலன், பல்சக்கரம், ஆகாயக் கப்பல், இரும்பு மனிதன். இந்தப் பெயரை 1987இல் கே.டபிள்யூ. ஜீட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர் ‘லோக்கஸ்’ பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் பாதி விளையாட்டாகச் சூட்டினார். 2000க்குப் பிறகு பதின்வயதினருக்கென்றே இருண்ட நாவல்களாக இவை நிறைய வந்தன. மாயாவி மின்சார யுகத்து ஆள், இவை நீராவி யுகத்துக் கதைகள். ஆனாலும் ஒரே குடும்பம்தான். இயந்திரம் மனுஷ உடம்புக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்று சின்னப் பிள்ளைகளிடம் கேட்கிற கதைகள். இவற்றை நம் இடத்தில் உட்கார்ந்து படித்தால் இன்னொரு கேள்வியும் வரும்: அந்த எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டது யார்?

இந்த வகைக்கு மூத்தவர் என்று எல்லோரும் கை காட்டுவது பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்னை. 1880இல் அவர் இந்தியாவையே களமாக்கி ‘நீராவி வீடு’ என்றொரு நாவல் எழுதினார். 1857 எழுச்சி முடிந்து பத்து வருஷம் கழித்து, வெள்ளைக்காரக் கூட்டம் ஒன்று இரும்பு யானையில் வட இந்தியாவைச் சுற்றுகிறது. யானையின் வயிற்றில் கொதிகலன், தும்பிக்கையில் புகை. பின்னால் இரண்டு வண்டி, பங்களா மாதிரி. எஞ்சினை ஓட்டுகிறவன் ஸ்டார் என்ற ஆங்கிலேயன். உலையில் எரிபொருள் போடுகிறவன் காலூத் என்ற இந்தியன். உலைச் சூட்டையும் வெயிலையும் சேர்த்துத் தாங்குகிற உடம்பு என்பதுதான் அவனுக்குக் கிடைக்கிற அறிமுகம். அதே வெர்ன் 1870களில் எழுதிய ‘மர்மத் தீவு’ நாவலில், நீர்மூழ்கிக் கப்பல் வைத்திருக்கும் கேப்டன் நெமோ ஒரு இந்தியன் என்று வெளிப்படுகிறது. அவன் யார்? புந்தேல்கண்டு அரச குமாரன். இந்தியன் நாயகனாக வந்தால் அரச வம்சம், உலைக்கு முன்னால் வந்தால் காலூத். கற்பனையிலேயே இப்படித்தான் பங்கு பிரிக்கப்பட்டது.

கற்பனையில் இருந்தது நிஜத்திலும் இருந்தது. 1853இல் பம்பாய்க்கும் தாணேவுக்கும் இடையே ரயில் ஓடியது. அதே ஆண்டு கார்ல் மார்க்ஸ், ரயிலைத் தொடர்ந்து வரும் நவீனத் தொழில்கள் சாதிக்கு அடித்தளமான பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்த்து எழுதினார். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தெற்கிலும் ரயில் வந்தது. 1927இல் விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குப் பாதை போட்டார்கள். எங்க பக்கம் நீராவி வந்து சேர்ந்தது அப்படித்தான். வண்டி வந்தது, புகை வந்தது, சாதி கரைந்ததா?

1938 பிப்ரவரியில் மன்மாட்டில் கூடிய தலித் ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் இதற்குப் பதில் சொன்னார். நம் ஆட்கள் தண்டவாளத்தில் கேங்மேனாகச் சேர்ந்து கேங்மேனாகவே முடிகிறார்கள். ஸ்டேஷனில் போர்ட்டராகக்கூட வைத்துக்கொள்வதில்லை. காரணம் என்ன? போர்ட்டர் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்ய வேண்டும். தொட்டால் தீட்டாகிவிடுமே! பம்பாய் நூல் ஆலைகளிலும் இதே கதைதான். நெசவுப் பிரிவில்தான் கூலி கூடுதல். அங்கே நாடாவில் நூலை வாயால் உறிஞ்சி மாட்ட வேண்டும். தலித்தின் எச்சில் பட்ட நூலைச் சாதி இந்துத் தொழிலாளி தொடமாட்டான். அதனால் அந்தப் பிரிவுக்குள் நமக்கு அனுமதி இல்லை. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இந்தத் தடையைத் தொழிற்சங்கத்துக்கு முன்னால் வைத்து வாதாடினார். இயந்திரத்துக்குச் சாதி தெரியாது என்பார்கள். இயந்திரத்துக்குத் தெரியாதுதான். இயந்திரத்துக்கு முன்னால் யாரை நிறுத்துவது என்று முடிவு பண்ணுகிறவனுக்கு நன்றாகத் தெரியும்.

இங்கிலாந்து ஆலை முதலாளிகள் தொழிலாளியை ‘ஹேண்ட்ஸ்’, அதாவது கைகள் என்றே கணக்கெழுதினார்கள். எங்க பக்கமும் ஆள் பத்தாவிட்டால் ‘ஒரு கை கொறையுது’ன்னுதான் சொல்வாக. முதலாளி கண்ணுக்குக் கை மட்டும் தெரியும். அந்தக் கைக்கு ஒரு தோள் உண்டு, வயிறு உண்டு, குடிசை உண்டு, பள்ளிக்கூடம் போகிற வயசு உண்டு என்பது மறைந்துவிடும். லண்டன்காரர்கள் கற்பனை என்று எழுதியதை எங்க வட்டாரம் வாழ்ந்துகொண்டிருந்தது.

சிவகாசியையே எடுத்துக்கொள்வோம். 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலை அங்கே கொண்டுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கு மேலுறை வேண்டும். அதிலிருந்து அச்சுத் தொழில் வளர்ந்தது. காலண்டர் வந்தது, டைரி வந்தது, 1972இல் காமிக்ஸ் வந்தது. 1984இல் எஸ். விஜயனின் லயன் காமிக்ஸும் வந்து, ஸ்பைடரும் இரும்பு மனிதன் ஆர்ச்சியும் தமிழ் பேசினார்கள். ஆக, மாயாவியின் கையும் தீக்குச்சி லேபிளும் ஒரே ஊர்ப் பிள்ளைகள்.

அதே ஆண்டுகளில் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு விடிவதற்கு முன்னால் ஆபீஸ் வண்டி வரும். தீப்பெட்டி ஆலையை எங்க சனம் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்றுதான் சொல்லும். அரைத்தூக்கத்தில் இருக்கிற புள்ளைகளை எழுப்பி ஏத்தி விடுவாக. கட்டை அடுக்கணும், பெட்டி ஒட்டணும், லேபிள் ஒட்டணும். பெத்தவங்க முன்பணம் வாங்கியிருப்பாக, அது தீரும்வரை புள்ளையோட கை அவங்களுக்குச் சொந்தமில்லை. சின்ன விரல்தான் வேகமாக ஓடும் என்று ஒரு நியாயமும் சொன்னார்கள். அதாவது குழந்தையின் விரலையே ஒரு இயந்திர உறுப்பாகக் கணக்குப் போட்டார்கள். 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, வெடிமருந்து, பட்டாசு வேலைகளை ஆபத்தான பட்டியலில் வைத்தது. எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதிக்குக் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. குழந்தைகள் எண்ணிக்கை பிறகு வெகுவாகக் குறைந்தது. விபத்து நிற்கவில்லை. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சன்குளத்தில் மறுபடியும்.

மாயாவிக்குக் கை போனது ஒரு விபத்தில். அவனுக்கு உடனே இரும்புக்கை கிடைத்தது, அந்தக் கையோடு சக்தியும் கிடைத்தது. எங்க வட்டாரத்தில் வெடிமருந்திலும் வெட்டு மெஷினிலும் விரல் போனவர்களுக்கு என்ன கிடைத்தது? நூறு நாள் வேலையில்கூட ‘உனக்கு மம்பட்டி பிடிக்க வராது’ என்ற பேச்சு கிடைத்தது. இயந்திரம் உடம்பைத் தின்றால் பதிலுக்குச் சக்தி தரும் என்பது அந்தக் கதைகளின் அடிப்படை நம்பிக்கை. அந்த நம்பிக்கை யாருக்கு வாய்க்கும் என்பதில்தான் சாதியும் வர்க்கமும் இருக்கின்றன.

இப்போது மாயாவிக்குப் பக்கத்தில் இன்னொரு பாத்திரத்தை வைத்துப் பாருங்கள். வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா, 1992இல் ‘கருக்கு’ எழுதினார். 1994இல் ‘சங்கதி’ வந்தது. அதில் மைக்கண்ணி என்றொரு சிறுமி. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயசில் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறாள். சிவகாசி அச்சு இயந்திரத்திலிருந்து மாயாவி வந்தான், அதே வட்டாரத்துச் சேரியிலிருந்து மைக்கண்ணி வந்தாள். ஒருவனுக்குக் கை மட்டும் தெரியும், ஆள் தெரியாது. இன்னொருத்தி, கைக்குப் பின்னால் இருந்த ஆளைத் தமிழ் இலக்கியத்துக்கு முதுகெலும்போடு காட்டினாள். இரண்டு பேருக்கும் இடையில் 22 வருஷம்.

அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரமும் பஞ்சு, நூல் என்று வளர்ந்தது. 2000களில் தமிழகத்து நூற்பாலைகள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று பரவியது. பதின்வயதுப் பெண்பிள்ளைகளை மூன்று வருஷத்துக்கு விடுதியில் அடைத்து வேலை வாங்குவது, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொல்வது. போனவர்களில் பெரும்பகுதி தலித் பெண்கள். ஷிப்ட் முடிந்தால் விடுதி, விடுதி விட்டால் ஷிப்ட், நடுவில் ஒரு இரும்புக் கேட். ‘பதின்வயதினருக்கான இருண்ட நாவல்’ என்று அட்டையில் அச்சடிக்கிறார்களே, அந்த வயசு லண்டனில் நாவல் படிக்கிற வயசு. எங்க பக்கம் அந்த வயசு நாவலுக்குள்ளேயே இருந்தது.

அப்படியானால் இந்தக் கதைகளை நாம் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரணத்துக்கு ஒரு நாவலைக் காட்டுகிறேன். பிலிப் ரீவ் 2001இல் எழுதிய ‘மார்ட்டல் எஞ்சின்ஸ்’. 2018இல் படமாகவும் வந்தது. நகரங்கள் எல்லாம் சக்கரத்தில் ஓடுகின்றன. பெரிய நகரம் சின்ன ஊரைத் துரத்திப் பிடித்து விழுங்குகிறது. லண்டன் அடுக்கடுக்கான நகரம். மேலடுக்கில் கோயிலும் பூங்காவும், கீழடுக்கின் பெயரே குடல். பிடிபட்ட ஊர்கள் அங்கேதான் உடைக்கப்படுகின்றன. ஆள்வது நான்கு பெரிய சங்கங்கள்: பொறியாளர், வரலாற்றாளர், வணிகர், மாலுமிகள். நான்குக்கும் கீழே, குடலின் ஆழத்தில் கைதிகள் மலக்குழியில் நின்று வேலை செய்கிறார்கள். செத்தவர்களை இயந்திரமாக எழுப்பி, சோறு கேட்காத வேலையாளாக ஆக்கவும் பொறியாளர் சங்கம் திட்டம் போடுகிறது.

நான்கு மேலே, ஐந்தாவது மலக்குழியில். ரீவ் மனுதர்மத்தை மனதில் வைத்து எழுதியதாகச் சொல்ல எதுவும் இல்லை. அவர் தன் நாட்டு வர்க்கப் படிக்கட்டை எழுதினார். ஆனால் சோழபுரத்துச் சேரியிலிருந்து ஒரு பிள்ளை அதைப் படித்தால், விளக்கவுரை இல்லாமலே புரியும். மலம் அள்ளும் வேலையைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், போதாமல் 2013இல் இன்னொரு சட்டம் போட்ட நாடு இது. அங்கே கற்பனையாக இருப்பது இங்கே சாட்சியம். நல்ல இருண்ட கதை என்பது இதைத்தான் செய்யும்: மேலடுக்கில் உலாவுகிற வாசகனைக் கையைப் பிடித்துக் குடலுக்குக் கூட்டிப்போகும். மோசமான கதை பித்தளைச் சக்கரத்தைப் பளபளப்பாகக் காட்டிவிட்டு, கரி அள்ளினவனை இருட்டிலேயே விட்டுவிடும்.

நம்மிடமும் குடல் இருக்கிறது, நிஜமாகவே பூமிக்குள் இருக்கிறது. கோலார் தங்கவயல். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்டத் தொடங்கியதும் வடஆர்க்காட்டிலிருந்து நம் சனம்தான் கூட்டங்கூட்டமாகப் போனது. 1902இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் கொண்டுவந்து அந்தச் சுரங்கத்துக்குக் கொடுத்தார்கள். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். சூடு, பாறை வெடிப்பு, நுரையீரலில் தூசி. எந்த ஸ்டீம்பங்க் எழுத்தாளனும் இதைவிட இருட்டான களத்தைக் கற்பனை செய்துவிட முடியாது. ஆனால் அந்த இருட்டிலிருந்து மேலே ஏறி வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். பௌத்த சங்கம் வைத்தார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை வரவழைத்துப் படித்தார்கள். 1914இல் அவர் மறைந்த பிறகு, ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து ‘தமிழன்’ தங்கவயலிலிருந்தே மறுபடி வெளிவந்தது. சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டது. கீழே இயந்திரத்துக்குக் கையாக இருந்தவர்கள், மேலே வந்து இன்னொரு இயந்திரத்தை, அச்சு இயந்திரத்தை, தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. 2018இல் ‘கே.ஜி.எஃப்’ என்ற படம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, சுரங்கத்து மக்களை மீட்பன் ஒருவனுக்காகக் காத்திருக்கும் பெயரில்லாக் கூட்டமாக்கியது. 2024இல் பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ அதே மண்ணை, மாயமும் வரலாறும் கலந்து, நம் சனத்தின் பக்கத்திலிருந்து கற்பனை செய்தது. குறை நிறை பேசலாம். கற்பனைக்கும் உரிமை கோரலாம் என்று அது காட்டிவிட்டது.

நண்பர்கள் சிலர் கேட்பார்கள்: நமக்குச் சாட்சியம் போதாதா, மாயாஜாலம் எதற்கு? சொல்ல வேண்டிய நிஜமே மலைபோல் கிடக்கிறதே? நியாயமான கேள்வி. நம் எழுத்து பட்டதைச் சொல்லித்தான் தலை நிமிர்ந்தது. ஆனால் பட்டதை மட்டுமே எழுத வேண்டும் என்பது எப்போது நமக்கு விதியானது? மற்றவன் பிள்ளை நட்சத்திரத்துக்குப் பறப்பதை எழுதலாம், நம் பிள்ளை மட்டும் காயத்தைத்தான் காட்ட வேண்டும் என்றால், அதுவும் ஒரு தொழில் பிரிவினைதான். ஸ்டீம்பங்க் என்பது நடந்த வரலாற்றைப் பார்த்து ‘இப்படி நடக்காமல் வேறு மாதிரி நடந்திருந்தால்?’ என்று கேட்கும் எழுத்து. அந்தக் கேள்வி நம்மைவிட யாருக்கு அதிகம் தேவை? 1928இல் நெசவுப் பிரிவு திறந்திருந்தால்? 1927இல் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்த எஞ்சினை ஓட்டியவன் சேரிக்காரனாக இருந்திருந்தால்? மைக்கண்ணிக்கு ஒரு இரும்புக்கை கிடைத்து, விடியுமுன் வருகிற ஆபீஸ் வண்டியை அவள் ஒற்றைக் கையால் நிறுத்தியிருந்தால்?

இது நமக்குப் புதுசும் இல்லை. எங்க பக்கம் காமிக்ஸ் படிக்கிற இடம் சலூன் பெஞ்சுதான். ஊருக்குள் இருந்த பல சலூன்களில் சேரி ஆட்களுக்கு முடிவெட்ட மாட்டாக. முடியே வெட்டாத கடையில் பெஞ்சு மட்டும் எப்படிக் கிடைக்கும்? அதனால் மாயாவி சேரிக்கு வந்தது பழைய பேப்பர் கடை வழியாக. அட்டை இருக்காது, கடைசிப் பக்கம் கிழிந்திருக்கும். படிக்கத் தெரிந்த ஒருத்தன் வாசிப்பான், பத்துப் பேர் சுத்தி உட்கார்ந்து கேப்பாக. முடிவு இல்லாத கதைக்கு ஆளுக்கொரு முடிவு சொல்லுவாக. ‘மாயாவி அப்படியே மொதலாளி வீட்டுக்குள்ள போயி முன்பணச் சீட்டக் கிழிச்சுப் போட்டான்’னு ஒருத்தன் சொன்னால், அதுதான் அன்றைய முடிவு. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் தமிழில் இந்த வகை இலக்கியத்தின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்கியிருக்கும்.

இரவுப் பாடசாலை நடத்துகிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடப் புத்தகத்தோடு இந்தக் கதைகளையும் பிள்ளைகள் கையில் கொடுங்கள். படித்து முடித்ததும் நீதி என்ன என்று கேட்காதீர்கள். உலைக்குக் கரி போட்டவன் யார், குடலில் நின்றவள் யார், அவர்களுக்கு வீடு எங்கே, அம்மா யார், என்ன பாட்டுப் பிடிக்கும் என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் பதிலை அதன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதியதற்குக் கீழே பேரும் ஊரும் போடச் சொல்லுங்கள்.